ஆட்டத்தை விழுங்கிய கேமரா

எங்கள் கம்பெனி கேட்டில் நுழைந்ததும் முதல் வேலை, போனில் இருக்கும் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வது. செக்யூரிட்டி ஒட்டுவார், ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது அவரே உரிப்பார். ஒரகடம் பக்கம் வேலை செய்கிறவர்களின் போனைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பசை அப்பி அழுக்கேறிக் கிடக்கும். உள்ளே இருக்கும் எதையும் யாரும் படம் பிடித்துவிடக் கூடாதாம். அப்படிக் கேட்டில் போனின் கண்ணை மூடிவிட்டு உள்ளே போனால், டெஸ்ட் ட்ராக்கில் என் வண்டியின் முகத்திலேயே ஒரு கேமராவை மாட்டி, எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்லி அனுப்புவார்கள். இந்த வேடிக்கையைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் டெஸ்ட் ரைடர். புது மாடல் பைக் ஷோரூமுக்குப் போகும் முன் அதை ஓட்டிப் பார்த்து, எங்கே என்ன குறை என்று சொல்கிற வேலை. செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேற்கே ஒரு ஊர் எனக்கு. ஊரில் பாதிப் பேர் ஏதாவது ஒரு ஃபேக்டரியில் லைனில் நிற்கிறார்கள். நான் மட்டும் உட்கார்ந்துகொண்டே சம்பாதிக்கிறேன் என்று என் மச்சான் கிண்டல் செய்வான். நூறு கிலோமீட்டர் வேகத்தில் உட்கார்ந்து பார்த்தால் அவனுக்குத் தெரியும்.

நான் சேர்ந்த புதிதில் இப்போது எல்லாரும் வைத்திருக்கும் குட்டி கேமரா கிடையாது. கல்யாணத்தில் வீடியோ எடுப்பார்களே, கேசட் போடுகிற ஹேண்டிகேம், அதுதான். பெட்ரோல் டேங்க் மேல் பஞ்சு வைத்து, அதற்கு மேல் கேமராவை வைத்து, பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்து இழுத்துக் கட்டுவோம். ஒரு குழியில் ஏறி இறங்கினால் கேசட் ஓடுவதை நிறுத்திவிடும். மறுபடி கட்டு, மறுபடி ஓட்டு. மழை தூறினால் குடையோடு ஓடி வந்து முதலில் கேமராவைத்தான் காப்பாற்றுவார்கள். ரைடர் நனைந்தால் துவட்டிக்கொள்வான்.

அடுத்து வந்தது விரல் பருமனில் ஒன்று. அதிலிருந்து ஒரு வயர் கிளம்பி என் முதுகுப் பையில் இருக்கும் ரெக்கார்டருக்குப் போகும். வயரைக் கழற்ற மறந்து வண்டியிலிருந்து இறங்கி, அது சுண்டி இழுக்க, வண்டியும் நானும் ஒன்றாகச் சாய்ந்த நாள் உண்டு. அதற்கும் பிறகுதான் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்த சதுரப் பெட்டி வந்தது. ஆக்‌ஷன் கேமரா என்றார்கள். அதில் ஸ்க்ரீன் கூடக் கிடையாது. ஒரு சிவப்பு விளக்கு மினுக்கினால் ஓடுகிறது, இல்லாவிட்டால் இல்லை. ஓடுகிறது என்று நம்பி வெறும் மெமரி கார்டைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். நின்றுவிட்டது என்று நம்பி, சூப்பர்வைசரைப் பற்றி நான் வாய்விட்டுச் சொன்னதெல்லாம் தெளிவாகப் பதிவாகி, அவரே அதை உட்கார்ந்து கேட்டதும் நடந்திருக்கிறது. பிறகு ஸ்க்ரீன் வந்தது, கூடு இல்லாமலே தண்ணீரில் முக்கலாம் என்றானது. சித்திரை வெயிலில் சூடேறித் தானாக அணைந்துவிடுகிற குணம் மட்டும் கடைசிவரை போகவில்லை.

எந்த கேமரா வந்தாலும் நாங்கள் பார்ப்பது ஒன்றைத்தான். ட்ராக்கின் நடுவில் வெள்ளைக் கோடு ஒன்று போட்டிருக்கும். ஹெட்லைட்டுக்குக் கீழே ஹேண்டிலோடு சேர்த்து மாட்டிய கேமரா அந்தக் கோட்டைப் பார்த்தபடி போகும். வண்டி சரியாக இருந்தால் வீடியோவில் கோடு நேராக ஓடும். ஹேண்டில் ஆடினால் கோடு நெளியும். வயர் வயராகச் சென்சார் கட்டி ஓட்டுகிற பெரிய சோதனை தனி. தினசரி ஓட்டத்துக்கு எங்களுக்கு இந்தக் கோடே போதும்.

என்னோடு ஓட்டுகிற இன்னொரு ரைடர் கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். கான்ட்ராக்ட்டில் வந்தவன், ஸ்ரீபெரும்புதூரில் ஊர்க்காரர்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். கேமரா என்றால் அவனுக்கு உயிர். சம்பளம் சேர்த்துச் சொந்தமாக ஒன்று வாங்கி, லீவு நாளில் மலைப்பாதை எல்லாம் ஓட்டிப் படம் எடுப்பான். இந்தச் சாமான் எங்கிருந்து வந்தது என்பதையே அவன் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

"கடல்ல அலை மேல பலகை ஓட்டுத ஆளுதாண்ணே இத மொதல்ல செஞ்சது. அவன் ஓட்டுதத எடுக்கதுக்கு ஆள் இல்ல. கையில கட்டிக்கிடுத மாதிரி ஃபிலிம் கேமரா ஒண்ணு செஞ்சிருக்கான். அதுக்கு முன்னாடி ரேஸ் ஓட்டுதவங்க, பாராசூட்ல குதிக்கவங்க எல்லாம் பெரிய கேமராவ ஹெல்மெட்ல கட்டிட்டு கழுத்து சுளுக்கிக் கெடந்திருக்காங்க."

"இன்னாத்த வச்சிக் கட்டுனானுங்கோ? சைக்கிள் ட்யூபா?" என்று கேட்டேன்.

"அப்படித்தான் ஏதாச்சும் வச்சுக் கட்டியிருப்பாங்கண்ணே," என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. உலகம் முழுக்க எங்கள் ஜாதிக்காரர்கள் இருந்திருக்கிறார்கள்.

அந்தச் சமயத்தில் மேலிடத்திலிருந்து ஒரு புகார். வீடியோவைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, மீட்டிங்கில் போட்டுக் காட்ட முடியவில்லை என்றார்கள். புதிதாக ஒரு கேமரா வாங்கினார்கள். அதைத் தயார் செய்கிற பொறுப்பு இயல்பாகவே பையனிடம் போயிற்று. முதல் நாள் வீடியோவைப் பார்த்து எல்லாருக்கும் வாய் பிளந்துவிட்டது. ட்ராக்கும் மரமும் வானமும் அசையாமல் எங்களை நோக்கி வழுக்கிக்கொண்டு வந்தன. நானும்தான் கை தட்டினேன். பஞ்சு வைத்துக் கட்டிய காலத்தை நினைத்துக்கொண்டேன்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு புது வண்டி வந்தது. எண்பதில் போய் ஆக்சிலேட்டரை விட்டேன். வேகம் குறைந்து அறுபது பக்கம் வரும்போது ஹேண்டில் இரண்டு பக்கமும் வெடவெடவென்று ஆடியது. மறுபடி ஓட்டினேன். மறுபடி ஆடியது. ஷெட்டுக்கு வந்து எஞ்சினியர் மேடத்திடம் சொன்னேன். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர், கோபமே வராத பெண்.

"மேடம், ஹேண்டில் ஆடுது. வேகம் எறங்கசொல்ல ஆடுது. புடி தளர்ந்தா தூக்கிப் போட்டுடும் போலகீது."

"வீடியோல பார்த்துடலாம் அண்ணா," என்றார்.

பார்த்தோம். கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக ஓடியது. மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தார். அப்போதும் நேராகத்தான் ஓடியது. பையனை ஓட்டச் சொன்னார். அவன் ஓட்டி வந்தான். அவன் வீடியோவும் நேர்.

"உங்களுக்கு ஆடுதா?" என்று அவனிடம் கேட்டார்.

"இல்ல மேடம். நல்லாத்தான் இருக்கு," என்றான்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "அண்ணா, ராத்திரி சரியா தூங்குறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். திட்டியிருந்தால் திருப்பி இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அக்கறையாகக் கேட்டால் என்ன செய்வது?

வண்டி ஆடவில்லை என்றால் ஆடுவது என் கை. கணக்கு அவ்வளவுதான். கம்பெனி மெடிக்கல் ரூமில் டாக்டர் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகித ஓரம் லேசாகத் துடித்தது. இப்படி வைத்தால் யாருக்கும் கொஞ்சம் துடிக்கும் என்று அவரே சொன்னார், ஆனாலும் நரம்பு டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது என்று எழுதிக் கொடுத்தார். தண்டலம் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். முழங்காலில் சுத்தியால் தட்டினார்கள், கண்ணை மூடி மூக்கைத் தொடச் சொன்னார்கள், கோட்டின் மேல் நடக்கச் சொன்னார்கள். ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார்கள். கூடவே, சில நோய் ஆரம்பத்தில் தெரியாது, சில மாதம் கழித்து வாருங்கள் என்றும் சொன்னார்கள். என் காதில் இரண்டாவதுதான் நின்றது.

அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். டயர் ஷெட்டில் காற்று பிடிக்கிற வேலை கொடுத்தார்கள். மரியாதையாகத்தான் கொடுத்தார்கள். நானோ ஒவ்வொரு டயரையும் என் எதிரியைப் போல உதைத்துக்கொண்டிருந்தேன். வெளியே ட்ராக்கில் வண்டி போகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் இன்னும் ஓங்கி உதைத்தேன். பயந்தேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது? படிப்பு கிடையாது, இருந்த நிலம் ரோடுக்கும் கம்பெனிக்கும் போய்விட்டது. என்னிடம் மிச்சம் இருந்தது இந்த இரண்டு கைகளும் அவை சொல்வதை நம்புகிற பழக்கமும்தான். நாற்பத்தைந்து வயதில் அவை என்னிடம் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டன என்றால் நான் யாரை நம்புவது?

வீட்டில் சோறு பிசையும்போது கையைப் பார்ப்பேன். சட்டை பட்டன் போடும்போது பார்ப்பேன். ஒரு நாள் ஊசியில் நூல் கோத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி வந்துவிட்டாள்.

"இன்னாயா, டெய்லர் வேலைக்குப் போவப் போறியா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பிறகு சிரிப்பு நின்று, ஊசியை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டுப் போனாள்.

பையன் மட்டும் சாப்பாட்டு நேரத்தில் தவறாமல் டயர் ஷெட்டுக்கு வருவான். "ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்கண்ணே? எதனால வருதாம்? சின்ன வயசுக்காரங்களுக்கு வருமாமா?" என்று ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பான். நல்ல பையன், நம் மேல் பாசம் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் பதில் சொல்லப் பிடிக்காது. "பாக்கலாம்னாங்க, நீ போய் வண்டிய ஓட்டு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் தன் பைக்கில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"சும்மா வீட்டுக்குள்ளயே இருந்து என்ன செய்யப் போறியண்ணே? வாங்க, ஏரிப் பக்கம் ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

பின்னால் ஏறி உட்கார்ந்தேன். மண் லாரிகள் ஓடி ஓடி எங்கள் ஊர் ரோடு அப்போது ரோடாகவே இல்லை. எங்கே பள்ளம், எங்கே மேடு என்று சொல்ல முடியாது, எல்லாம் பள்ளம். "டேய், பாத்து எறக்குடா, இடுப்பு கயண்டுடும்" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தேன். ஏரியோரம் கொஞ்ச நேரம் நின்றோம். காற்று நன்றாக இருந்தது. அதே ரோட்டில் எலும்பெல்லாம் குலுங்க வீடு வந்து சேர்ந்தோம்.

மனைவி டீ கொண்டுவந்தாள். பையன், வண்டியில் மாட்டியிருந்த தன் கேமராவில் வழியெல்லாம் எடுத்ததைப் போனுக்கு மாற்றி அவளுக்குக் காட்டினான். அவளும் எட்டிப் பார்த்தாள்.

"இது எந்த ஊரு ரோடுப்பா? ஜம்முனு கீது."

"நம்ம ஊர் ரோடுதான் மதினி."

"அட போப்பா. காலைல கூட ஷேர் ஆட்டோல வரசொல்ல தலைய இடிச்சுக்கினு வந்தேன்." போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். தண்ணி டேங்க் வந்தது, ரேஷன் கடை வந்தது. "ஆமா, நம்ம ரேஷன் கடைதான். இந்த ரோட்ட எப்போ போட்டாங்க?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இந்த வீடியோவை அதிகாரி யாராவது பார்த்தால் எங்கள் ஊருக்கு இந்த ஜென்மத்தில் ரோடு கிடையாது. பையனும் சிரித்தான்.

"ஸ்டெபிலைசர் மதினி. ஆட்டத்த எல்லாம் கேமராவே அமுக்கிரும். எவ்வளவு குலுங்குனாலும் வீடியோல தெரியாது."

என் சிரிப்பு பாதியில் நின்றது. "டேய். கம்பெனி கேமராலயும் இது கீதா?"

அவன் என்னைப் பார்த்தான். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. "இருக்குண்ணே. நாந்தான் ஃபுல்லா போட்டு வச்சேன். வீடியோ நல்லா வரணும்னு சொன்னாங்கள்லா?"

"அட பாவி! ஆட்டத்தப் பாக்கத்தானடா நாம கேமராவே மாட்டிக்கினு சுத்துறோம்!"

அவனைச் சொல்லி என்ன பயன்? டெஸ்ட் ட்ராக்கில் இருக்கிற நாங்கள் எல்லாருமே இத்தனை வருஷமாக ஆட்டத்தைத் தேடிக்கொண்டும் ஆட்டத்தைத் திட்டிக்கொண்டும் இருந்தவர்கள். கேமரா ஆடாமல் இருக்க வேண்டும், வண்டி ஆடினால் தெரிய வேண்டும். ஒரே கம்பியில் மாட்டிய இரண்டுக்கும் தனித்தனி நியாயம் கேட்டால் எப்படி? எங்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

அவன் டீயைக் குடிக்காமலே கிளம்பிப் போனான். நான் திட்டியதில் மனசு கஷ்டம் போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கும் முழுச் சந்தோஷம் இல்லை. வீடியோ பொய் என்று ஆயிற்று, சரி. அதனால் என் கை நிஜம் என்று ஆகிவிடுமா? அதே வண்டியை ஓட்டிய அவன் ஆடவில்லை என்றுதானே சொன்னான்?

மறுநாள் காலையில் மேடத்திடம் சொன்னோம். அவர் கேமராவை வாங்கிச் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தார். "ஆடாத வீடியோ வேணும்னு கேட்டதே நாங்கதானே அண்ணா," என்று சொல்லிவிட்டு அதை அணைத்தார். ஒதுக்கி வைத்திருந்த அந்த வண்டியை வெளியே எடுக்கச் சொன்னார். "நீங்க முதல்ல ஓட்டுங்க. அப்புறம் அவர்."

பல வாரம் கழித்து ஹெல்மெட் போட்டேன். எண்பதில் போய் ஆக்சிலேட்டரை விட்டேன். அதே இடத்தில் அதே ஆட்டம். கார்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். வீடியோவில் கோடு நெளிந்தது. மேடம் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நெளிவது தெரிந்துவிட்டது, வண்டி நெளிக்கிறதா, நான் நெளிக்கிறேனா என்பது தெரியவில்லை. அதை இனி அவன் ஓட்டம்தான் சொல்ல வேண்டும். அவன் கோடு நேராக வந்தால் என் கதை முடிந்தது.

பையன் கிளம்பினான். நான் ஷெட் வாசலில் நின்றேன். ட்ராக்கின் கோடியில் எஞ்சின் சத்தம் ஏறி, சட்டென்று இறங்குவது கேட்டது. ஆக்சிலேட்டரை விட்டிருக்கிறான். நான் என் இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டேன்.

வந்து வண்டியை நிறுத்தினான். கேமராவைக் கழற்றவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"கார்டு பாக்க வேண்டாம் மேடம்," என்றான். "எனக்கும் ஆடுது."

"இன்னைக்குத்தான் ஆடுதா?"

"இல்ல மேடம். மொத நாளே ஆடுச்சு."

எனக்குத் தலைக்கு மேல் ஏறியது. டயர் ஷெட், ஆஸ்பத்திரி, ஊசி நூல் எல்லாம் ஒரே நேரத்தில் கண் முன்னால் வந்தன. "ஏண்டா, அன்னிக்கே வாயத் தொறந்து சொல்றதுக்கு உனக்கு இன்னாடா கேடு?"

அவன் மேடத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். "வீடியோல கோடு நேராத்தானண்ணே போச்சு. வண்டி ஆடல, ஒங்க கைதான் ஆடுதுன்னு எல்லாரும் சொன்னாங்க. அப்ப எனக்கு ஆடுனது எங் கைதானண்ணே? எனக்கு இருவத்தாறு வயசுதான் ஆவுது. பெர்மனென்ட் கூட ஆவல. ரூம்ல யாரும் இல்லாதப்ப கைய நீட்டி நீட்டிப் பாப்பேன்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "டெய்லி ஒங்ககிட்ட வந்து ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்கன்னு கேட்டனே, அது ஒங்களுக்காகக் கேக்கலண்ணே. எனக்காகத்தான் கேட்டேன். நீங்க ஒரு நாளும் சொல்லல."

இன்னும் திட்டத்தான் வாயெடுத்தேன். திட்டு வரவில்லை. அவன் அருகில் போய் ஹெல்மெட்டை அவன் மடியிலிருந்து எடுத்தேன்.

"ஒண்ணும் இல்லன்னுதாண்டா சொன்னாங்கோ," என்றேன். "எனக்கு ஒண்ணும் இல்ல. உனக்கும் ஒண்ணும் இல்ல. எறங்கு."